சிரித்த முகத்தோடு நிறுத்திவிட்டீர்களே, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கடந்த நூறு வருடத்துப் பாப்பரசர்களைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் 23ஆம் யோவானுக்கு நீங்கள் கொடுத்த இடம் மொத்தம் நாலு வரி. குண்டானவர், சிரித்த முகம், எல்லோருக்கும் பிடித்த தாத்தா மாதிரியானவர், வயதாகிவிட்டதால் இடைக்கால ஏற்பாடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) எல்லோரும் கூடிய பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டி நடத்தி முடித்தவர். அவ்வளவுதான். இதில் கடைசித் தகவல் தப்பு, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றதெல்லாம் தப்பில்லை. ஆனால் ஒருவரை நல்லவர், நல்லவர் என்று சொல்லியே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதற்கு இந்த நாலு வரியே சாட்சி. இத்தாலிக்காரர்களும் அவரை 'நல்ல பாப்பு' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பெருமை சேர்த்ததைவிட அவருடைய சாமர்த்தியத்தை மறைத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் பூசைக்கு உதவி செய்யும் பையனாக இருந்த காலத்தில் உரோமையில் இருந்த பாப்பு அவர். எங்கள் வீட்டில் யோவான் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள், அருளப்பர்தான். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று பழகிய நாக்கு. பீடத்தின் படியில் முழங்காலில் இருந்துகொண்டு, சாமி, அதாவது குருவானவர், இலத்தீனில் "இன்றோயிபோ ஆத் அல்தாரே தேயி" என்றால் நான் "ஆத் தேயும் குயி லேத்திஃபிகாத் யுவென்தூதேம் மேயாம்" என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். உபதேசியார் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார், ஒரு வரி தவறினால் காதைத் திருகுவார். என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம் போவேன் என்பது அதன் பொருள் என்று எனக்குத் தெரிந்தபோது இளமை போய்விட்டிருந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் பாதிப் பேர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்ற முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். சாமி அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு நான் மணி அடித்தால்தான் எல்லோரும் தலை நிமிர்வார்கள். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பேசுவார், ஜனங்கள் மாதாவோடு பேசுவார்கள், நடுவில் நான் புரியாத பாஷையில் சாமிக்குப் பதில் சொல்வேன். இதுதான் பூசை.

இதை மாற்றியதன் தொடக்கம் அந்தக் குண்டு மனிதர். சிரித்துச் சிரித்து மாற்றிவிட்டார் என்று நினைத்தால் அது கதை.

இயற்பெயர் ஆஞ்செலோ ரொன்காலி, பிறந்தது 1881 நவம்பர் 25, வட இத்தாலியில் பெர்கமோ பக்கம் சொத்தோ இல் மோந்தே என்ற சிற்றூர். வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம், விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு. பதின்மூன்று பிள்ளைகளில் நாலாவது, ஆண்பிள்ளைகளில் மூத்தது. 1904இல் குருப்பட்டம். அப்புறம் பெர்கமோ ஆயர் ராதினி தெதெஸ்கியிடம் செயலாளர் வேலை. 1909இல் பக்கத்து ரானிக்கா ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்த ஆயர் தொழிலாளர் பக்கம் நின்றார், நிதியும் கொடுத்தார். ஆயருக்கு இது தேவையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. செயலாளர் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் உலகப்போரில் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் சார்ஜெண்ட், பிறகு ஆன்மகுரு. இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை.

1925இல் பாப்புவின் பிரதிநிதியாகப் பல்கேரியாவுக்கு அனுப்புகிறார்கள். வேறொருவராக இருந்தால் அங்கேயே முடிந்திருப்பார். கிட்டத்தட்ட மொத்த நாடும் உரோமையிலிருந்து பிரிந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கர் அங்கங்கே சிதறிக் கிடந்தார்கள். உரோமையில் ஒரு கோப்பை மேசையின் அடி டிராயரில் போட்டு மறந்துவிடுவது மாதிரி இவரைப் பத்து வருடம் அங்கே மறந்துவிட்டார்கள். கழுதையிலும் குதிரையிலும் ஏறி மலைக் கிராமங்களுக்குப் போனார். 1928இல் சிர்ப்பான் பக்கம் பூகம்பம் வந்தபோது உதவி திரட்டிக் கொடுத்தார். தன்னுடைய நாட்குறிப்பில், தனக்கு வரும் கஷ்டங்கள் பல்கேரியர்களால் வந்தவை அல்ல, தன் சொந்தத் திருச்சபையின் மத்திய அலுவலகங்களிலிருந்து வந்தவை, அதுதான் வலிக்கிறது என்று எழுதி வைத்தார். தலைமை அலுவலகத்துக்குத் தபால் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த எந்தக் கிளை அதிகாரிக்கும் இந்த வரி புரியும்.

1934 கிறிஸ்துமஸ் அன்று சோபியாவில் விடைபெற்றபோது அவர் சொன்னதன் சாரம் இது. நான் உலகத்தில் எங்கே இருந்தாலும், இராத்திரி நேரம் என் வீட்டு வழியாக ஒரு பல்கேரியர் போனால் சன்னலில் ஒரு விளக்கு எரியும், தட்டுங்கள், கத்தோலிக்கரா ஆர்த்தடாக்ஸா என்று யாரும் கேட்க மாட்டார்கள், உள்ளே வாருங்கள். 1934இல் ஒரு கத்தோலிக்கப் பேராயர் இப்படிப் பேசியதை இன்றைய காதால் கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலேயே சபைக்காரர்களின், அதாவது புராட்டஸ்டண்டுகளின், கோயில் வாசலை மிதித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது இஸ்தான்புல், 1935 முதல். அத்தாதுர்க்கின் துருக்கி. குருக்கள் அங்கி போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று சட்டம், இமாம்களுக்கும் அதே சட்டம்தான். ரொன்காலி கோட்டு சூட்டு போட்டுத் தொப்பி வைத்துக்கொண்டு நடந்தார். நிறையப் பேர் இதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்கள், அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய காரியம் கோயிலுக்குள் நடந்தது. அங்கே இருந்த கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சும் இத்தாலியும் பேசுகிற, தங்களைத் துருக்கியரோடு சேர்த்துக்கொள்ளாத ஆட்கள். இவர் நற்செய்தியைத் துருக்கி மொழியில் வாசிக்க வைத்தார், புகழ்ச்சி மன்றாட்டில் 'தன்றி முபாரெக் ஓல்சூன்', அதாவது இறைவன் வாழ்த்தப்படுக, என்ற துருக்கி வரிகளைச் சேர்த்தார். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். தான் மகிழ்ச்சியாக இருப்பதாக அவர் குறித்து வைத்தார். ஊரார் பேசுகிற பாஷையில் ஊர்க் கோயிலில் ஜெபம் சொல்ல வேண்டும் என்பதை இவர் 1962இல் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை ஐயா. இருபத்தைந்து வருடம் முன்னாலேயே, ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே செய்திருக்கிறார்.

பிறகு போர் வந்தது. நடுநிலை நாடு என்பதால் இஸ்தான்புல்லில் எல்லா நாட்டு ஒற்றர்களும் இருந்தார்கள், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்களும் இருந்தார்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களைக் குடியேற்றும் வேலையைப் பார்த்த யூத முகமையின் ஆள் ஹாயிம் பார்லாஸ் இவரிடம் வந்து போவார். பாலஸ்தீனக் குடியேற்றச் சான்றுகள், தகவல்கள், விண்ணப்பங்கள் எல்லாம் இவருடைய தூதரகப் பை வழியாக புடாபெஸ்டுக்கும் மற்ற இடங்களுக்கும் போயின. பல்கேரிய அரசர் போரிசை இவருக்கு முன்பே தெரியும் என்பதால் 1943இல் அவருக்கும் எழுதினார். பல்கேரிய யூதர்களைக் காப்பாற்றியவரே இவர்தான் என்று சில பக்தி மலர்களில் எழுதுகிறார்கள், அதை நான் ஒப்பமாட்டேன். அந்தப் பெருமையில் பெரிய பங்கு பெஷேவ் என்ற நாடாளுமன்றத் துணைத்தலைவருக்கும் ஸ்தெஃபான், கிரில் என்ற ஆர்த்தடாக்ஸ் பேராயர்களுக்கும் அந்த நாட்டு மக்களுக்கும் உரியது. அதுவும் பல்கேரியா பிடித்து வைத்திருந்த திரேசிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் 11,000க்கும் மேற்பட்ட யூதர்கள் அனுப்பப்பட்டுச் செத்தார்கள். ரொன்காலி செய்தது கடிதம் எழுதியது, கதவைத் தட்டியது, காகிதம் நகர்த்தியது. அந்த வருடங்களில் ஒரு காகிதம் நகர்ந்தால் ஒரு குடும்பம் பிழைத்தது, அது போதும். அவருக்கு இல்லாத கிரீடம் எதற்கு?

1944 டிசம்பரில் பாரிசுக்கு மாற்றல் தந்தி வந்தபோது அவரே நம்பவில்லை என்பார்கள். குதிரைகள் இல்லாத இடத்தில் கழுதைகள் ஓடும் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்வோமே, அதே கதைதான். ஆனால் கழுதை ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். ஜெர்மானியர் ஆட்சிக்கு ஒத்துப்போன விஷி அரசோடு குலாவிய ஆயர்களை எல்லாம் நீக்கு என்று தெகோல் அரசு ஒரு நீளமான பட்டியலை நீட்டியது. இவர் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விசாரிக்கிறேன், பார்க்கிறேன், ஆதாரம் இருக்கிறதா என்று மாதக்கணக்கில் இழுத்து, விருந்து வைத்து, ஹாஸ்யம் பேசி, கடைசியில் விலகியவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். இது நியாயமா என்று கேட்டால் எனக்கே முழுத் தெளிவில்லை. விலக வேண்டிய இன்னும் சிலர் தப்பித்திருக்கலாம். ஆனால் இதைச் செய்தவரை வெள்ளந்தித் தாத்தா என்று மட்டும் சொல்லாதீர்கள். 1953இல் இவருக்குக் கர்தினால் பதவிக்கான (பாப்புவைத் தேர்ந்தெடுக்கும் பெரிய குருக்கள்தான் கர்தினால்கள்) சிவப்புத் தொப்பி வைத்துவிட்டது யார் தெரியுமா? பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் வின்சென்ட் ஓரியோல். சோஷலிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் முன்னால்தான் இவர் முழங்காலிட்டார்.

அதற்குப் பிறகு வெனிஸில் ஆயராக இருந்த ஐந்து வருடத்தை விட்டுவிடுகிறேன்.

1958 அக்டோபர் 28. 51 கர்தினால்கள், மூன்று நாளில் பதினோரு சுற்று வாக்கு. தேர்வானவருக்கு 77 வயதாக இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. தைத்து வைத்திருந்த வெள்ளை அங்கிகளில் பெரியதுகூடச் சேராமல் முதுகுப் பக்கம் பிரித்து ஊசி குத்தி அனுப்பினார்கள் என்பது ஊரறிந்த கதை. பெயர் கேட்டபோது யோவான் என்றார். ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக யாரும் தொடாத பெயர், ஏனென்றால் 15ஆம் நூற்றாண்டில் ஒரே சமயம் மூன்று பேர் நான்தான் பாப்பு என்று நின்ற குழப்பத்தில் ஒருவர் 23ஆம் யோவான் என்று வைத்துக்கொண்டு பிறகு கான்ஸ்தான்ஸ் சங்கத்தில் நீக்கப்பட்டவர். இவர் சொன்ன காரணம் எளிமையானது. என் அப்பா பெயர், எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் பெயர். அதோடு, யோவான் என்ற பெயர் வைத்த பாப்புகள் அநேகமாகக் கொஞ்ச காலமே இருந்தார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது, நாலேமுக்கால் வருடம்கூட இல்லை.

அந்த வருடம் டிசம்பர் 26ஆம் தேதி உரோமையின் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். நீங்கள் என்னிடம் வர முடியாது, அதனால் நான் வந்தேன் என்றார். தன் உறவினர் ஒருவர் அனுமதி இல்லாமல் வேட்டையாடப் போய்ச் சிறைக்குப் போனதையும் கைதிகளிடம் சொன்னார். இந்த மாதிரிச் சம்பவங்கள்தான் உங்கள் நாலு வரியை எழுத வைக்கின்றன, தெரிகிறது. நானும் அவற்றில் மயங்கினவன்தான்.

ஆனால் அடுத்த மாதம் நடந்ததைப் பாருங்கள். 1959 ஜனவரி 25, புனித பவுலின் மனமாற்றத் திருவிழா, மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயம். பூசை முடிந்து பதினேழு கர்தினால்களைப் பக்கத்து மடத்தில் உட்காரவைத்து, பொதுச்சங்கம் கூட்டப்போகிறேன் என்கிறார். பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கைதட்டல் இல்லை, ஆகட்டும் என்றுகூட இல்லை. அவர் பின்னால் அந்த மௌனத்தை 'பக்தி நிறைந்த மௌனம்' என்று குறிப்பிட்டார். இதைவிட நாசூக்காக ஒருவர் குத்த முடியுமா?

சங்கம் 1962 அக்டோபர் 11 அன்று திறந்தது. ஏறக்குறைய 2,500 ஆயர்கள். முந்தைய வத்திக்கான் சங்கத்துக்கு ஏறக்குறைய 700 பேர்தான் வந்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் அழிவு, கேடு என்று சொல்லிக்கொண்டிருக்கும் தீர்க்கதரிசிகளோடு எனக்கு உடன்பாடில்லை என்று திறப்புரையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தீர்க்கதரிசிகளில் சிலர் அவர் கண்ணெதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரவு தீப்பந்தங்களோடு சதுக்கத்தில் கூடிய ஜனங்களிடம் சன்னலிலிருந்து, பாருங்கள், நிலாகூட இன்று அவசரமாகப் பார்க்க வந்துவிட்டது என்றார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தடவிக் கொடுங்கள், இது பாப்பு தடவியது என்று சொல்லுங்கள் என்றார். இந்தப் பேச்சை இன்றைக்கும் இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும். வயிற்றுப் புற்றுநோய் என்று டாக்டர்கள் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள் என்பது சதுக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

முதல் அமர்வில் எடுத்த முதல் விவாதமே வழிபாடுதான். விவாதம் முழுக்க இலத்தீனில் நடக்க வேண்டும் என்பது விதி. உரோமையோடு இணைந்த கிழக்கத்தியச் சபைகளில் ஒன்றான மெல்கைட் சபையின் தலைவர், முதுபெரும் தந்தை நான்காம் மாக்சிமோஸ் என்ற கிழக்கத்தியக் கிழவர் எழுந்து, எனக்கு இலத்தீன் வேண்டாம் என்று பிரெஞ்சிலேயே பேசினார். கிறிஸ்து தன் காலத்து ஜனங்கள் பேசிய மொழியில்தானே பேசினார் என்று கேட்டார். எனக்கு அந்த மனிதரைத் தெருவில் பார்த்தால் காலில் விழத் தோன்றும். நவம்பர் 14 அன்று வழிபாட்டு வரைவைக் கொள்கையளவில் ஏற்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். ஏற்கலாம் 2,162, கூடாது 46.

பாப்பு சபைக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. தன் அறையில் உள்சுற்று டிவியில் பார்த்துக்கொண்டிருப்பார். யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் சிறையில் இருந்துவிட்டு வந்த மோஸ்தார் ஆயர் பேதர் சூலே, பூசையின் நடுமந்திரத்தில் சூசையப்பர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று திக்கித் திக்கிப் பேச, தலைமை வகித்தவர் போதும் என்று நிறுத்திவிட்டார், சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு மூன்று நாளில், சூசையப்பர் பெயர் சேர்க்கப்பட்டது என்று பாப்புவிடமிருந்து ஆணை வந்துவிட்டது. யாரும் கை வைக்கக் கூடாது என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த மந்திரம் அது. சூசையப்பர் மேல் பக்தி, சரி. ஒரு திக்குவாய்க்காரருக்குப் பரிவு, அதுவும் சரி. அதோடு, இந்த மந்திரத்தை மாற்ற முடியும் என்று 2,500 ஆயர்களுக்குக் காட்டிவிட்டார், அதையும் கணக்கில் வையுங்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் நவம்பர் 20ஆம் தேதிக் கதை. இறைவெளிப்பாட்டின் ஊற்றுகள், அதாவது வேதாகமமும் திருச்சபை மரபும், பற்றிய வரைவு விவாதத்துக்கு வந்தது. கர்தினால் ஒத்தாவியானி தரப்பு தயாரித்தது, பழைய பாணி. நிறைய ஆயர்களுக்குப் பிடிக்கவில்லை. விவாதத்தை நிறுத்தலாமா என்று வாக்கெடுத்தார்கள். நிறுத்து என்றவர்கள் 1,368, தொடரட்டும் என்றவர்கள் 822. நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 105 ஓட்டுக் குறைந்தது. ஆக, பெரும்பான்மையோர் வேண்டாம் என்ற வரைவே விதியைக் காட்டித் தொடர வேண்டிய நிலை. அடுத்த நாள் காலை ஒரு அறிவிப்பு வருகிறது. பாப்பு அந்த வரைவை விலக்கிக்கொண்டார், புதிதாக எழுத ஒரு கூட்டுக்குழு. அந்தக் குழுவுக்குத் தலைவர்கள் யார் என்கிறீர்கள்? ஒத்தாவியானியும், அவருக்கு நேர் எதிர்த் தரப்பான ஜெர்மன் கர்தினால் பெயாவும், இருவரும் சேர்ந்து. தோற்றவரை வெளியே தள்ளவில்லை, ஜெயித்தவரிடம் முழுச் சாவியையும் கொடுக்கவில்லை. பாரிசில் பட்டியலை இழுத்தடித்த அதே கை. விதியை மீறியதாகவும் ஆகாது, கட்டிக்கொண்டு அழுததாகவும் ஆகாது. சங்கம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது என்று சொல்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி.

அதற்கு ஒரு மாதம் முன்னால் கியூபா ஏவுகணை நெருக்கடி. அக்டோபர் 25 அன்று வத்திக்கான் வானொலியில் பிரெஞ்சில் பேசினார், சமாதானம், சமாதானம் என்று மனிதர்கள் எழுப்பும் குரலுக்குக் காதை மூடிக்கொள்ளாதீர்கள் என்று. யார் பக்கமும் பழி போடவில்லை. மறுநாள் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா அதை முதல் பக்கத்தில் போட்டது. பாப்புவின் பேச்சு பிராவ்தாவில்! போரை நிறுத்தியது இவர்தான் என்று நான் அடித்துப் பேசவில்லை, கென்னடியும் குருஷேவும் தங்கள் கணக்குப் பார்த்துத்தான் இறங்கினார்கள். இறங்கிவர ஒரு படிக்கட்டு வேண்டும் இல்லையா, அதில் ஒரு படியை இவர் போட்டார். 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழன் அன்று உலக அமைதி பற்றிய சுற்றுமடல் வந்தது. அதுவரை சுற்றுமடல் என்றால் ஆயர்களுக்கும் விசுவாசிகளுக்கும்தான். இது நல்மனம் உள்ள எல்லோருக்கும் என்று முகவரி போட்டு வந்தது. இந்தக் காலத்தின் அடையாளங்கள் என்று மூன்றைச் சொல்கிறார். தொழிலாளர்கள் எழுந்து வருவது, பெண்கள் பொதுவாழ்வுக்கு வருவது, அடிமை நாடுகள் விடுதலை அடைவது. வாரத்துக்குப் பயிரிட்டவர் மகன் எழுதிய வரிகள் என்று நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

யூதர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறிக்கும் இடத்தில் 'பெர்ஃபிதிஸ்', அதாவது விசுவாசமற்ற, துரோகமான என்று பொருள்படும் சொல் நூற்றாண்டுகளாக இருந்தது. 1959இல் அதை எடுத்துவிட்டார். அறிக்கை, ஆய்வுக்குழு எதுவும் கிடையாது. இஸ்தான்புல்லில் அந்த முகங்களை நேரில் பார்த்தவருக்கு வேறென்ன ஆய்வு வேண்டும்? பிறகு அமெரிக்க யூதர் குழு ஒன்று பார்க்க வந்தபோது, நான் உங்கள் சகோதரன் யோசேப்பு என்று வரவேற்றார். பழைய ஏற்பாட்டில் அண்ணன்மார் விற்றுப்போட்ட யோசேப்பு எகிப்தில் சொல்கிற வரி அது, ஜியுசெப்பே என்ற இவருடைய நடுப்பெயரும் அதுவே.

இப்படியே புகழ்ந்துகொண்டு போனால் நானும் பக்தி மலர்தான் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். குறைகளும் உண்டு. பிரான்சில் ஆலைகளில் கூலி வேலை செய்துகொண்டே குருத்துவப் பணி செய்தவர்களை 1959இல் நிறுத்தியது இவர் ஆட்சியில்தான். 1960இல் உரோமை மறைமாவட்ட மாமன்றம் என்று ஒன்றை நடத்தி 755 சட்டங்கள் போட்டார்கள். குரு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்ற வகை, போட்ட வேகத்திலேயே மறந்துபோனவை. எல்லாவற்றையும்விட வேடிக்கை, 1962 பிப்ரவரியில், சங்கம் திறக்க எட்டு மாதம் முன்பு, குருமாணவர்களுக்குப் பாடத்தை இலத்தீனில்தான் நடத்த வேண்டும் என்று ஒரு கட்டளையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். துருக்கி மொழியில் ஜெபம் சொல்ல வைத்தவர்! உண்மையிலேயே இலத்தீன் மேல் பிரியமா, பழமைவாதிகளை ஆறுதல்படுத்தப் போட்ட கையெழுத்தா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும் இருக்கலாம். பாட்டி கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டே வீட்டுக்குக் கரண்ட் இழுப்பவர்கள் நம்மிடையே இல்லையா?

1963 ஜூன் 3, திங்கட்கிழமை மாலை. பேதுரு சதுக்கத்தில் அவருக்காக ஒரு பூசை நடந்துகொண்டிருந்தது, கூட்டம் நிரம்பி வழிந்தது. பூசை முடிகிற நேரத்துக்கு மேலே அறையில் உயிர் போனது. ஏழையாய்ப் பிறந்தேன், ஏழையாய்ச் சாவதில் மகிழ்ச்சி என்று உயிலில் எழுதியிருந்தார். தம்பிமார் சொத்தோ இல் மோந்தேயில் விவசாயிகளாகவே இருந்தார்கள், ஒருவருக்கும் பட்டமோ பதவியோ கிடையாது. நம் ஊரில் ஒரு வார்டு உறுப்பினர் குடும்பத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் மொழிக்கும் இடம் கொடுத்த வழிபாட்டு ஆவணம் 1963 டிசம்பர் 4 அன்று இறுதி வாக்குக்கு வந்தபோது 2,147க்கு 4. அவர் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கோயிலுக்கும் தமிழ் வந்து சேர்ந்தது. முதல் தமிழ்ப் பூசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பீடத்தைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட முடியாமல், ஒரு மர மேசையைக் கொண்டுவந்து வெள்ளைத் துணி விரித்து, கோயில்பிள்ளை ஒரு கால் ஆடுகிறது என்று அட்டைத் துண்டை மடித்து அடியில் வைத்தார். சாமி எங்களைப் பார்த்து நின்றார். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றதும் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். வாய் "எத் கும் ஸ்பீரித்து துவோ" என்று ஆரம்பித்துவிட்டது, பக்கத்தில் இருந்த பையன் சிரித்துவிட்டான். என் அப்பாச்சி வீட்டுக்கு வந்து, சாமி நம்ம மூஞ்சியைப் பார்த்துப் பேசுனா அது பூசையா, பஞ்சாயத்தா என்று கேட்டாள். சாகிற வரைக்கும் அவள் தமிழ்ப் பூசையில் பழைய ஜெபமாலையைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள், அந்த ஜெபத்தின் புது வடிவமான 'அருள் நிறைந்த மரியே' அவள் நாக்கில் ஏறவே இல்லை. ஆனால் வாசகம் வாசிக்கிற நேரத்தில் மட்டும் கை நின்றுவிடும். அதை நான் பீடத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். 23ஆம் யோவான் சங்கத்தை நடத்தி முடிக்கவில்லை. அவர் இருந்தது முதல் அமர்வுக்கு மட்டும், 1962 அக்டோபர் 11 முதல் டிசம்பர் 8 வரை. அந்த அமர்வில் ஒரு ஆவணம்கூட நிறைவேறவில்லை. மீதி மூன்று அமர்வுகளையும் நடத்தி, பதினாறு ஆவணங்களுக்கும் கையெழுத்திட்டு, 1965 டிசம்பர் 8 அன்று முடித்து வைத்தவர் 6ஆம் பவுல். 1958 டிசம்பரில் யோவான் முதல்முதலாகக் கர்தினால்களை நியமித்தபோது பட்டியலில் முதல் பெயராக வைத்த மிலான் பேராயர் மொந்தீனிதான் அவர். நூறு வருடத்துப் பாப்பரசர்கள் என்று தலைப்புப் போட்ட உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை. இன்னொரு முறை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகன்,
தூத்துக்குடி